யாலவா, புந்தலவா?

அம்பாந்தோட்டைப் பக்கம் வனம் பார்க்கப் புறப்படும் நேயர்களே, யாலவுக்குப் போவதா, புந்தலவுக்கா? இரண்டுமே கடலோரத் தேசியப் பூங்காக்கள். திஸ்ஸமகாராமவில் தங்கினால் இரண்டுக்கும் ஜீப் கிடைக்கும். சிறுத்தையைத் தேடிப் போகிறவர்களுக்கு யாலதான். ஆனால் ஒன்று தென்பட்டால் போதும், சுற்றிலும் ஜீப்புகள் குவிந்துவிடும். வறட்சி மிகுந்தால், பெரும்பாலும் செப்டெம்பரில், அதன் முக்கியப் பகுதியை மூடியும் விடுவார்கள். புந்தலவில் களப்புகள், உப்பளங்கள், முதலைகள், யானைகள். 1990இல் இலங்கையின் முதல் ராம்சர் ஈரநிலமானது இதுவே. வடக்கே குளிர் தொடங்கியதும் வலசைப் பறவைகள் இங்கே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். காட்டின் அமைதியை நாடுவோர் தயங்காமல் புந்தலவுக்கே போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். விடியற்காலையிலேயே கிளம்புங்கள்; தொலைநோக்கியை மறவாதீர்கள்.