வெற்றிக் கணக்கைக் கடைசியில் பாருங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் மினியாபொலிஸில் எங்கள் அலுவலகத்தில் என்.எஃப்.எல். பிளேஆஃப் தவிர வேறு பேச்சு இருக்காது. எனக்குப் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டுகிற வேலை என்பதால், "இந்த வாரம் யார் ஜெயிப்பாங்க?" என்று ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

இது நம்மூர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். மொத்தம் 32 அணிகள், லீக் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் 17 ஆட்டங்கள். 14 அணிகள் பிளேஆஃபுக்கு வரும். அங்கே ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் சேர்த்து 13 ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

ஓர் அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். எடுத்த புள்ளி எவ்வளவு, விட்டுக்கொடுத்தது எவ்வளவு? அதுதான் முதல் கேள்வி. 2022 சீசனில் எங்கள் ஊர் வைக்கிங்ஸ் 17-க்கு 13 ஜெயித்தது. ஊரே கொண்டாடியது. ஆனால் எடுத்த புள்ளி 424, கொடுத்தது 427! எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் ஜெயித்திருந்தார்கள். மயிரிழையில் கிடைக்கும் வெற்றிகளில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது; அதை நம்பி அடுத்த ஆட்டத்தைக் கணிக்க முடியாது. 2023 ஜனவரியில், ஒன்பதே வெற்றிகளோடு வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் இங்கேயே வந்து 31-24 என்று கதையை முடித்துவிட்டது.

அடுத்து, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் உடல்நிலை. வெள்ளிக்கிழமை வரும் காயப் பட்டியலைப் படிக்காமல் நான் வாயே திறப்பதில்லை. சொந்த மைதானத்தின் பலத்தை முன்பெல்லாம் மூன்று புள்ளி என்பார்கள். இப்போது அவ்வளவு தேறாது.

இத்தனையும் பார்த்த பிறகும் 2022 ஜனவரி மாதிரி ஒரு வாரக்கடைசி வரும். டென்னசி டைட்டன்ஸ், எதிரணி குவார்ட்டர்பேக் ஜோ பரோவை ஒன்பது முறை தரையில் சாய்த்தது. அப்படியும் 16-19 என்று தோற்றது. தன் குவார்ட்டர்பேக் எறிந்த மூன்று பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்ததுதான் காரணம். மறுபுறம், பனி கொட்டிய கிரீன் பேயில் பேக்கர்ஸ் 10-3 என்று முன்னிலையில் இருந்தது. ஐந்து நிமிடம்கூட பாக்கியில்லை. அவர்கள் தூர உதைத்த பந்தை சான் பிரான்சிஸ்கோ வீரர் ஒருவர் மறித்தார். தெறித்து விழுந்ததை இன்னொருவர் அள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன்; ஆட்டம் சமன். கடைசி உதையில் 13-10. தோற்ற இரண்டும் அந்த ஆண்டின் முதல்நிலை அணிகள். இரண்டும் சொந்த மைதானத்தில். பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

ஆகவே நான் "இவர்தான் ஜெயிப்பார்" என்று சொல்வதில்லை. "65 சதவீதம்" என்பேன். நான்கு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் அந்த வாய்ப்பு இருந்தால், நான்குமே பலிக்க 18 சதவீதம்தான் வாய்ப்பு. பணம் கட்டிப் பந்தயம் ஆடும் நண்பர்களுக்கு இந்த ஒற்றைக் கணக்கை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஜனவரியில் யாராவது "இந்த அணிதான், சந்தேகமே இல்லை" என்றால், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரின் பேச்சை நம்பி ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.