கண்டிப்பும் கொடுமையும்: பிள்ளை வளர்ப்பில் சட்டமும் மரபும்

குற்றத்துக்குத் தண்டனையாகவோ திருத்தும் நோக்கத்துடனோ ஒரு குழந்தைக்கு வேண்டுமென்றே உடல்வலி உண்டாக்குவதை உடல் தண்டனை என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வரையறுக்கிறது. 18 வயது நிறையாத எவரும் இச்சட்டத்தின்படி குழந்தையே. வரையறை அடிப்பவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எனினும் தண்டனைப் பிரிவுகள் பள்ளிக்கு ஒரு விதமாகவும், விடுதிக்கு ஒரு விதமாகவும், வீட்டுக்கு ஒரு விதமாகவும் அமைந்திருப்பதால், பெற்றோரின் கண்டிப்பு எந்த இடத்தில் குற்றமாகிறது என்பது பல குடும்பங்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

சட்டம் சொல்லும் எல்லை

தமிழ்நாட்டில் கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டதிலிருந்து பள்ளியில் அடிப்பதற்கு இடமில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. வீட்டைப் பொறுத்தவரை, பெற்றோரின் அடி அனைத்தையும் முற்றிலும் தடைசெய்யும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளர் நல்லெண்ணத்துடன் செய்யும் செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் திருத்துவதற்காக என்று சொல்லி எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் உண்டாக்குவதற்கு அந்தப் பாதுகாப்பு நீளாது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கியோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டோ தேவையற்ற உடல் துன்பமோ மனத் துன்பமோ விளைவிப்பவருக்கு, அவர் பெற்றோரே ஆனாலும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

2021 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி வட்டாரத்தில், ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தையை அதன் தாயே கொடூரமாக அடித்த காணொலிகள் பரவியபோது, காவல்துறையினர் ஆந்திராவுக்குச் சென்று அந்தத் தாயைக் கைதுசெய்தனர். அது கண்டிப்பு என்று எவரும் வாதிடமாட்டார்கள். அதே வேளையில், அத்தகைய காணொலியைக் கைப்பேசியில் பகிர்வதும் குழந்தைக்கு இழைக்கும் தீங்கே என்பதை உணர வேண்டும். விசாரணைக்கு உட்பட்ட நிகழ்வில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அடியின் விளைவு

2007இல் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, மூன்று குழந்தைகளில் இருவர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாவதாகக் கண்டறிந்தது. ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஐம்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் கெர்ஷாஃபும் அவருடைய உடன் ஆய்வாளரும் 2016இல் வெளியிட்ட முடிவு, சாதாரணமாகக் கருதப்படும் அடிகூட முரட்டுத்தனத்தோடும் மனநலக் குறைவோடும் சேர்ந்தே காணப்படுகிறது என்றும், அடி வாங்கிய பிள்ளை அதனால் கூடுதலாகச் சொல்பேச்சு கேட்பதில்லை என்றும் காட்டியது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்னும் பழமொழி இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது. ஒடித்த முருங்கை துளிர்க்கும், அடிபட்ட பிள்ளையோ பொய் சொல்லித் தப்பவே முதலில் கற்றுக்கொள்கிறது.

யூத மரபின் சிந்தனை

பிரம்புக்கு ஆதரவான பழமொழி தமிழுக்கு மட்டும் உரியதன்று. யூதர்களின் மறைநூலில் உள்ள நீதிமொழிகள் நூலிலும் அத்தகைய வசனம் உண்டு. ஆயினும் அந்த வசனத்தை ஓதிய அதே சமூகத்தின் அறிஞர்களான ரப்பிகளே அதற்குக் கடிவாளமும் இட்டார்கள். அவர்களுடைய விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத், வளர்ந்த மகனை அடித்த ஒருவனை ரப்பியின் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி சமூக விலக்குக்கு உரியவன் என்று கண்டித்ததைப் பதிவுசெய்கிறது. அடிபட்ட மகன் சினம் தாளாமல் திருப்பி அடிக்க நேர்ந்தால், அந்தப் பாவத்துக்கு அவனைத் தள்ளியவர் தந்தையே ஆவார் என்பது அதன் நியாயம். 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த ஷுல்ஹான் அரூக் என்னும் சட்டநூலும் இதையே விதியாக்கியது. தந்தையின் மிரட்டலுக்கு அஞ்சிச் சிறுவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டதைச் சொல்லும் செமகோத் என்னும் சிறுநூல், பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்வதாக அச்சுறுத்தக் கூடாது, உடனே கண்டிக்க வேண்டும் அல்லது பேசாமல் விட்டுவிட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. தேர்வு முடிவு வரும் நாள்களில் தமிழ்நாட்டுப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய அறிவுரை இது.

இந்தச் சிந்தனை பழைய நூல்களோடு நின்றுவிடவில்லை. வார்சாவில் 1912 முதல் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றத்தை அங்கே ஏற்படுத்தி, ஆசிரியரும் அதன்முன் பதில் சொல்ல வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தார்; 1942 ஆகஸ்டில் அந்தக் குழந்தைகளைக் கைவிட மறுத்து, அவர்களோடு திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குச் சென்று உயிர் துறந்தார். இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 2000 ஜனவரியில் பெற்றோர் அடிப்பதையும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தன் மரபைக் கைவிடாமலே அதன் கனிந்த பகுதியைப் பற்றிக்கொள்ள ஒரு சமூகத்தால் முடியும் என்பதற்கு இவை சான்று.

வீட்டில் செய்யத்தக்கவை

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் இரவில் களைத்துத் திரும்பும் பெற்றோருக்கும், செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போகும்போது பிள்ளைகளைத் தாத்தா, ஆயா பொறுப்பில் விட்டுச்செல்லும் பெற்றோருக்கும் பொறுமை காப்பது எளிதன்று. சினம் தணியும்வரை பேச்சைத் தள்ளிவைப்பது, விதிகளைச் சிலவாகக் குறைத்து வீட்டுப் பெரியவர் அனைவரும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பது, உடைத்த பொருளை ஒட்டவைக்கவோ சிந்தியதைத் துடைக்கவோ பிள்ளையையே செய்யச் சொல்வது, உறவினர் முன்னிலையில் இழிவுபடுத்தாமல் தனியே அழைத்துச் சொல்வது, அண்ணனோடும் தங்கையோடும் ஒப்பிடாமல் இருப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். இரண்டு வயதுக் குழந்தையின் அழுகை அடம் அன்று, சொல்லத் தெரியாததைச் சொல்லும் மொழி. அந்த வயதில் தண்டனைக்குப் பொருளே இல்லை. பெரியவர் தவறு செய்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் மரியாதை குறையாது, கூடும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

குழந்தை அடிபடுவதை அறிந்த எவரும், அக்குழந்தையும்கூட, 1098 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். பள்ளியில் நேர்ந்ததற்குக் கல்வி உதவி எண் 14417இல் முறையிடலாம். வீட்டில் காயமோ தொடர் கொடுமையோ இருந்தால், மகளிர் காவல் நிலையத்தில் புகார் அளிப்பதோடு, அரசு மருத்துவமனையில் காயங்களைப் பதிவுசெய்துகொள்வது வழக்குக்கு வலுச் சேர்க்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகக் குழந்தை நலக் குழு விசாரித்து, பெற்றோருக்கு ஆலோசனை வழங்கவோ குழந்தையைப் பாதுகாப்பான உறவினரிடம் ஒப்படைக்கவோ ஆணையிடலாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. குடிபோதையில் கணவர் மனைவியையும் பிள்ளையையும் அடிக்கும் வீட்டில், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு ஆணையும் தற்காலிகப் பிள்ளைப் பொறுப்பும் கேட்கலாம். இதற்கு மகளிர் உதவி எண் 181 வழிகாட்டும். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞர் உதவியைப் பெறலாம். தன் கோபத்தைத் தானே அடக்க முடியாத பெற்றோர், தண்டனைக்கு அஞ்சி மறைக்காமல், 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசலாம். அப்படிக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, பிள்ளையைக் காக்க எடுக்கும் முதல் நடவடிக்கையாகும்.

கண்டிப்பின்றிப் பிள்ளை வளராது என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்டிப்பு முதலில் பெரியவரின் கைக்கும் நாவுக்கும் உரியது. தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவரிடமே பிள்ளை கட்டுப்பாட்டைக் கற்கிறது என்பதால், அடியை நிறுத்துவது பெற்றோரின் அதிகாரத்தைப் பறிப்பதன்று, அதை அச்சத்தின் மீதல்லாமல் நம்பிக்கையின் மீது நிறுத்துவதாகும்.