ஃப்ரேமுக்குள்ள நம்ம ஊரு!

ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு நீங்க எங்கே இருப்பீங்க? போர்வைக்குள்ளதானே! நானும் அங்கேதான் இருந்திருப்பேன்... ‘லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபி டூர், செல்போன் இருந்தாலே போதும்’னு காலேஜ் சீனியர் ஆசை காட்டாம இருந்திருந்தா!

லேண்ட்ஸ்கேப்னதும் எனக்கு ஞாபகம் வந்தது வேல்ஸ் கடற்கரை. அங்கே கடலோரமாவே நடக்க சுமார் 1,400 கிலோமீட்டருக்குப் பாதை போட்டு 2012-ல திறந்தாங்க. காசு கட்டினா கைடு ஒருத்தர் கூட்டிட்டுப் போவார். வெளிச்சம் எப்போ வரும், கடல் எப்போ ஏறும்னு அவருக்குத்தான் தெரியும். நேரம் தப்பி பாறை இடுக்குல நின்னா, போட்டோவுக்குப் பதிலா நாமளே மாட்டிக்குவோம்! ‘நம்ம திருப்பூர்ல எதைப் போய் எடுக்கறது... பனியன் கம்பெனி போர்டையா?’ன்னு நக்கல் பண்ணிட்டேதான் வண்டியில ஏறினேன்.

போய் இறங்கின இடம் ஊத்துக்குளி ரோடு பக்கம் இருக்கற நஞ்சராயன் குளம். சுமார் 125 ஹெக்டேர் தண்ணியும் கரையும். 2022-ல தமிழ்நாட்டோட 17-வது பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024 ஆகஸ்ட்ல, உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியல்லயும் இடம் பிடிச்சிடுச்சு. இருபது வருஷமா இதே ஊர்ல இருக்கேன்... அன்னிக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். வெட்கமா இருக்காதா பின்னே?

எங்க கைடு, ஊருக்குள்ள ஸ்டுடியோ வெச்சு கல்யாண போட்டோ எடுக்கற அண்ணன். நாங்க பத்துப் பேர், மூணே மூணு கேமரா. வந்ததும் அவர் போட்ட முதல் ரூல்: “பத்து நிமிஷத்துக்கு யாரும் கிளிக் பண்ணக் கூடாதுங்க. சும்மா பாருங்க!”

பார்த்தோம். கூழைக்கடா ஒண்ணு தண்ணியைத் தொட்டும் தொடாம பறந்துச்சு. மஞ்சள்மூக்கு நாரைங்க மரத்துல உட்கார்ந்து இறக்கையை உதறிக்கிட்டு இருந்துச்சு. வெளிச்சம் சாம்பலாகி, அப்புறம் மெதுவா ஆரஞ்சு ஆச்சு.

“இப்ப எடுங்க, சீக்கிரம்!”னு அண்ணன் அவசரப்படுத்தினார். ஏன் அவசரம்னு கேட்டேன். விஷயம் ரொம்ப சிம்பிள் பாஸ். வேல்ஸ்ல டிசம்பர் மாசம் உச்சி வேளையிலகூட சூரியன் சுமார் 15 டிகிரி உயரம்தான் ஏறும். நாள் பூரா சாய்வான, மெத்துனு வெளிச்சம். நம்ம ஊர்ல அதே 15 டிகிரியை உதிச்ச ஒரு மணி நேரத்துல, கொஞ்சம் முன்னப்பின்ன, தாண்டிடும். அப்புறம் வெயில் மொட்டை வெயில்தான். வெள்ளைக்காரனுக்கு சாவகாசம், நமக்கு அலாரம்!

நான் கூழைக்கடாவை ஃபோகஸ் பண்ணினேன். பின்னாடி ஒரு கம்பெனிக் கட்டடம் துருத்திக்கிட்டு நின்னுச்சு. அதை வெட்டி, பறவையை மட்டும் வெச்சு அண்ணன்கிட்ட பெருமையா நீட்டினேன். பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. இது எந்த ஊருன்னு இதுல எங்க இருக்கு?”

பதில் இல்ல.

1861-ல கார்லெட்டன் வாட்கின்ஸ்னு ஒருத்தர் அமெரிக்காவோட யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படம் எடுத்தார். 1864-ல அந்த இடத்தைப் பாதுகாக்கச் சட்டம் வந்ததுக்கு அந்தப் படங்களும் ஒரு காரணம். அங்கே அழகைக் காட்டினாலே போதுமா இருந்துச்சு. நம்ம ஊருக்கு அழகு மட்டும் போதாதுன்னு, அடுத்து அண்ணன் கூட்டிட்டுப் போன நொய்யல் கரையில புரிஞ்சுது.

வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்துல காவிரியில சேர்ற ஆறு. நான் நின்ன இடத்துல ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் கவர், அதுக்கு நடுவுல ஒத்தைக் காலில் ஒரு வெள்ளைக் கொக்கு. பின்னாடி வரிசையாக் கட்டடம். கேமராவைத் தூக்கினேன்... கை நின்னுடுச்சு.

ஏன்னா, இந்த ஆறு எங்க வீட்டுக்குள்ளயும் ஓடுது. அப்புச்சிக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் காடு. பாசனத்துக்குன்னு 1992-ல கட்டின அணை, சாயத்தண்ணி தேங்குற குட்டையாப் போச்சு. அவரோட தென்னை கண்ணு முன்னாடி கருகிச்சு. எங்கப்பாவுக்கு சாயப்பட்டறையில வேலை. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவுல 700-க்கும் மேற்பட்ட பட்டறைங்க மூடினப்ப, அப்பா மாசக்கணக்கா வீட்ல உட்கார்ந்தார். அம்மா காஜா பட்டன் மிஷின்ல உட்கார்ந்துதான் அடுப்பெரிஞ்சுது. அப்புறம், கழிவுநீரை ஒரு சொட்டு வெளியே விடாம சுத்திகரிக்கற முறையோட பட்டறைங்க திரும்ப ஓட, அப்பாவும் வேலைக்குப் போனார். நான் இன்ஜினீயரிங் ஃபீஸ் கட்டறது அந்தச் சம்பளத்துலதான். அப்புச்சியும் அப்பாவும் ஒரே பந்தியில உட்காருவாங்க. ஆனா, ஆத்தைப் பத்திப் பேச்சு வந்தா ரெண்டு பேரும் தட்டைத்தான் பார்ப்பாங்க.

அதனால இந்தத் தடவை எதையும் வெட்டல. கொக்கு, குப்பை, கட்டடம், எல்லாமே ஒரே ஃப்ரேம்ல. பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். “கொக்கு வந்திருக்குதா கண்ணு?”ன்னு மட்டும் கேட்டார். அடுத்த வாரம் அப்புச்சிகிட்ட குடுத்தேன். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்!

உங்க ஊர்லயும் ஒரு குளமோ ஆறோ கண்டிப்பா இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி அண்ணன் சொன்ன டிப்ஸ்:

* லென்ஸைத் துடைங்க. பாதிப் படம் மங்கலா வர்றது விரல் ரேகையாலதான்.

* ஜூம் பண்ணாதீங்க, நடந்து போங்க. ஆனா, பறவை கழுத்தைத் தூக்கி உங்களைப் பார்த்தா அங்கேயே நில்லுங்க. அதுக்கு மேல போனா பறந்துடும்.

* வெளிச்சமான வானத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைங்க. கலர் வெளுத்துப் போகாது.

* சரணாலயத்துல அனுமதி இல்லாம ட்ரோன் பறக்க விடாதீங்க. கூட்டுக்குப் பக்கத்துல போகவே போகாதீங்க.

அஞ்சாவது டிப்ஸ் என்னோடது. பின்னாடி துருத்திக்கிட்டு நிக்கறதை உடனே வெட்டிடாதீங்க மக்களே... அதுதான் நம்ம ஊரா இருக்கும்!