போர்வெல் தண்ணீரில் என்ன இருக்கிறது? கேட்பது நம் உரிமை

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் காவிக்கறையைப் பார்க்கலாம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. நடுவயதிலேயே முட்டியும் முதுகும் இறுகிப்போய், குனிந்து ஒரு குடம் தூக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். இதை 'பரம்பரை' என்றும் 'வயசுக் கோளாறு' என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெரும்பாலும் இதற்குக் காரணம் குடிதண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு. அது உண்டாக்கும் நோயின் பெயர் ஃபுளோரோசிஸ்.

ஃபுளோரைடு இந்த மண்ணின் பாறைகளிலேயே இருக்கிறது. ஆனால் ஆழத்தில் கிடந்த அந்தத் தண்ணீரை மேலே ஏற்றித் தெருக்குழாய்க்குக் கொண்டுவந்தது போர்வெல்லும் மோட்டாரும். ஆகவே இதை மருத்துவத் துறை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது. திட்டம் போட்ட பொறியாளருக்கும் இதில் பொறுப்பு உண்டு.

ஆபத்து என்ன?

ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதைத் தாண்டினால், பல் உருவாகும் வயதில் இருக்கும் குழந்தைகளுக்குப் பற்கள் நிரந்தரமாகக் கறைபடும். அளவு மேலும் கூடி, பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். கெட்ட எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. நல்ல தண்ணீர் ஒன்றே தடுப்பு.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். துணியில் வடிகட்டுவதும் சாதாரண கேண்டில் ஃபில்டரும் இதற்கு உதவா. முறையாகப் பராமரித்த ஆர்.ஓ. கருவியோ, ஃபுளோரைடை ஈர்க்கும் அலுமினா வடிகட்டியோ குறைக்கும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் போன்ற சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள உணவு பாதிப்பைத் தணிக்க உதவும். ஆனால் நல்ல தண்ணீருக்கு அது ஈடாகாது.

பொறியாளரின் கடமை

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் நோய் 1937-லேயே பதிவானது. கிராமங்களில் கைப்பம்புகளும் போர்வெல்களும் பெருகியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. அதாவது, ஆபத்து தெரிந்த பிறகுதான் ஆழத்துக்குப் போனோம்.

வங்கதேசத்தில் இதைவிடப் பெரிய கொடுமை நடந்தது. கிருமியில்லாத தண்ணீர் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போட்டார்கள். ஆர்சனிக் இருக்கிறதா என்று சோதிக்கவில்லை. கோடிக்கணக்கான மக்கள் நஞ்சு கலந்த நீரைக் குடித்தார்கள். நல்லெண்ணம் சோதனைக்கு மாற்றாகாது என்பதே அந்தப் பாடம்.

நம் மாவட்டத்தில் நல்ல பொறியியலுக்கும் சான்று இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம், ஜப்பானின் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் கட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது. ஆனால் வரத்து குறையும் நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் போர்வெல் தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள் என்ற புகார் எழுந்தபடி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் நீரையும் 0.4 உள்ள ஆற்று நீரையும் சரிபாதி கலந்தால் 1.7 ஆகிவிடும். எல்லை தாண்டியாயிற்று. குழாய் பதித்ததோடு பொறியாளரின் பொறுப்பு முடிவதில்லை. அதில் தினமும் என்ன ஓடுகிறது என்பதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் சட்டப்படியான கவுன்சில் உண்டு. தவறினால் பதிவு பறிபோகும். பொறியாளர்களுக்கு அப்படி அகில இந்திய அளவில் சட்டப்படியான பதிவுமுறை கிடையாது. ஆகவே அவர்களின் மனசாட்சியோடு மக்களின் கேள்வியும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

உங்கள் உரிமை

தூய நீரும் காற்றும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. குடிநீர் யாரோ தரும் சலுகையல்ல.

என்ன செய்யலாம்?

1. முதலில் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குறைந்த கட்டணத்தில் பரிசோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள்.

2. கிராம சபையில் பேசுங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தண்ணீர்ச் சோதனை அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். ஒவ்வொரு போர்வெல்லின் ஃபுளோரைடு அளவு, சோதித்த தேதி, ஒகேனக்கல் நீர் எவ்வளவு வருகிறது, எந்த விகிதத்தில் கலக்கிறார்கள், பொறுப்பு அதிகாரியின் பதவி என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

4. பதில் திருப்தியில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் சோதனை அறிக்கையை இணைத்து மனுக் கொடுங்கள். 1100 எண்ணிலும் புகார் பதியலாம். மனு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

5. அதற்கும் அசையாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

பணியில் இருக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அளவு மீறிய போர்வெல்லுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, 'குடிக்க உதவாது' என்று எழுதிவையுங்கள். மேலிடம் அவசரப்படுத்தினாலும் சோதனை அறிக்கை இல்லாத வேலையில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஓர் ஊரே தண்ணீர் குடிக்கிறது.