மிளகாய்க் கணக்குக்கு ஒரு கோடு

"ஒரு ஏக்கர் முண்டு மிளகாய் போட்டா எவ்வளவு நிக்கும் சார்?" பரமக்குடிப் பக்கம் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முன்பெல்லாம் சராசரி லாபம் என்று ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அதை நம்பி நகையை அடகு வைத்த ஒருவர், 2021 ஜனவரி மழையில் பூவும் பிஞ்சும் கொட்டிய செடியோடு வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. அதன்பின் எண் சொல்வதை விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தைய மாதம்தான் புரெவி புயல். வானிலைத் துறைப் படத்தில் புயலின் பாதை வெறும் கோடாக இல்லாமல், போகப்போக அகலும் கூம்பாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். நாள் தள்ளத் தள்ள நிச்சயம் குறைகிறது என்று அர்த்தம். கடைசியில் புயல் நம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவிலேயே தேங்கி வலுவிழந்தது. வடகிழக்குப் பருவமழை 'இயல்பு' என்றாலும் அப்படித்தான். சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை எல்லாமே இயல்பு.

நம் வரவு செலவையும் அப்படி வரையலாம். நோட்டில் ஒரு நீளக் கோடு. நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் லாபம், இடப்பக்கம் நஷ்டம். கடந்த 10 வருஷத்தில் ஏக்கருக்கு நின்றது எவ்வளவு என்று வருஷத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்த வருஷ வத்தலுக்கு அந்த வருஷ விலையையே போடுங்கள். நல்ல விளைச்சலையும் நல்ல விலையையும் சேர்த்துப் பெருக்கினால் கணக்கு ஏமாற்றும். ஊரெல்லாம் விளைந்தால் விலை இறங்கிவிடும். கமிஷன் கடைச் சீட்டு இல்லையா? வீட்டம்மாவைக் கேளுங்கள். யார் கல்யாணத்து வருஷம் எத்தனை மூட்டை என்பது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

அந்த விவசாயியோடு உட்கார்ந்து வரைந்தேன். மூன்று புள்ளி இடப்பக்கம்: 12,000, 8,000, 5,000 ரூபாய் நஷ்டம். ஆறு புள்ளி 2,000க்கும் 6,000க்கும் நடுவில் நெருக்கமாக; ஆறும் சேர்ந்தே 25,000தான். ஒரே ஒரு புள்ளி 80,000ல். சராசரி போட்டால் வருஷத்துக்கு 8,000. ஆனால் பத்தில் ஒன்பது வருஷம் அவர் அந்த 8,000ஐப் பார்க்கவே இல்லை!

கடன் வாங்குமுன் பார்க்க வேண்டியது இடது ஓரப் புள்ளியை. மூன்று ஏக்கர் என்றால் 36,000 ரூபாய் போனாலும் தாங்குமா? தாங்காது என்றார். அடுத்த புரட்டாசியில் ஒன்றரை ஏக்கரில் மட்டும் மிளகாய் விதைத்து, மீதியில் குதிரைவாலி போட்டார். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது என்று அவரே விசாரித்துக்கொண்டு வந்தார்.