கோள்களும் நிலநடுக்கமும்: புதுக் கொள்கைகளை மதிப்பிடும் முறை

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு நிலநடுக்கம் புதியதன்று. 1881-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் கார் நிக்கோபாரின் அருகிலும், 1941-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அந்தமான் பகுதியிலும் பெரும் நடுக்கங்கள் நிகழ்ந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் சுமத்திராவின் அருகே தொடங்கிய பிளவு, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் வடக்கே பரவி அந்தமான் வரை எட்டியது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது; கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல்நீர் சூழ்ந்தது. வட அந்தமானிலோ கரை உயர்ந்து, பவளப் பாறைகள் வெளியே தோன்றின.

இத்தகைய அழிவு நேரும்போதெல்லாம், கோள்கள் ஒரே வரிசையில் நின்றமையே அதற்குக் காரணம் என்றும், அடுத்த நடுக்கம் வரும் நாளைத் தம்மால் கூற இயலும் என்றும் சிலர் முன்வருவர். பௌதிக நூல்கள் பிழையானவை என்றும், விஞ்ஞானிகள் உண்மையை ஏற்க மறுக்கின்றனர் என்றும் அவர்கள் வாதிப்பர். கடற்கரையில் குடியிருப்போர் இதை நம்பி வீட்டைவிட்டு வெளியேற வேண்டுமா? பெரியோர் கூறினர் என்பதற்காக ஏற்பதும், படியாதவர் கூறினர் என்பதற்காகத் தள்ளுவதும் விஞ்ஞான முறையல்ல. கூற்றையே சோதிக்க வேண்டும். அதற்குரிய வழிகளைக் காண்போம்.

அளவு பொருந்துகிறதா?

ஒரு வான்பொருள் பூமியின் அண்மைப் பக்கத்தை மிகுதியாகவும் தொலைப் பக்கத்தைக் குறைவாகவும் ஈர்க்கிறது. இவ்வேறுபாடே கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் விசையாகும். தொலைவு இருமடங்கானால் இவ்விசை எட்டில் ஒரு பங்காகக் குறையும். சந்திரன் ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வெள்ளிக் கோளோ மிக அருகில் வரும்போதும் ஏறத்தாழ நான்கு கோடி கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. கணக்கிட்டால், வெள்ளியின் விசை சந்திரனுடையதில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கே. எடை மிகுந்த வியாழனின் விசை இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோள்கள் அனைத்தும் ஒரே திசையில் அணிவகுத்து நின்றாலும், அவற்றின் மொத்த விசை சந்திரனுடையதில் பதினாயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. அத்துணைச் சிறு விசை நிலத்தைப் பிளக்க வல்லதாயின், சந்திரன் இத்தீவுகளை நாள்தோறும் இருமுறை பிளந்திருக்க வேண்டும்.

பொருந்தாதவற்றையும் எண்ணினரா?

சந்திரனைப் பற்றிய வாதம் சற்று வலிமையுடையது. 2004 டிசம்பர் 26 முழுநிலவு நாள். 1941-ஆம் ஆண்டு நடுக்கம் அமாவாசை கழிந்து இரண்டு நாள்களுக்குள் நிகழ்ந்தது. இவ்விரண்டை மட்டும் எடுத்துக் காட்டினால் எவரும் வியப்பர். ஆனால் 1881-ஆம் ஆண்டு நடுக்கம் முழுநிலவுக்குச் சில நாள்கள் முன்னரே, இடைப்பட்ட வளர்பிறையில் நிகழ்ந்தது. மேலும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னும் பின்னும் இரண்டு நாள்கள் சேர்த்தால், மாதத்தின் மூன்றில் ஒரு பங்கு அவற்றுள் அடங்கிவிடும். ஆகவே மூன்றில் இரண்டு பொருந்தியமை தற்செயலாகவும் நிகழக்கூடியதே.

விஞ்ஞானிகள் இவ்வாதத்தைக் கேளாமல் ஒதுக்கவில்லை. ஏற்றவற்ற விசை மிகும்போது, சிறிய பிளவு பெரிதாக வளரும் வாய்ப்பு ஓரளவு கூடலாம் என 2016-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் பல நடுக்கங்களின் கணக்கைக் கொண்டு காட்டினர். ஆயினும் நூற்றாண்டுக் கணக்கில் பாறையில் சேரும் இறுக்கமே நடுக்கத்தின் மூலம். சந்திரன் செய்வது, ஏற்கெனவே முறியும் நிலையில் உள்ளதைச் சிறிது தூண்டுவதே. இதைக் கொண்டு நாள் குறிக்க இயலாது.

தவறக்கூடிய வகையில் கூறப்பட்டதா?

இத்தீவுகளை அடுத்துச் சிறு நடுக்கங்கள் ஆண்டுதோறும் பல முறை பதிவாகின்றன. எனவே, 'விரைவில் அந்தமானில் நிலம் அதிரும்' என்று எவர் கூறினும் பலிக்கும். இடம், நாள், வலிமை ஆகிய மூன்றையும் குறுகிய எல்லைக்குள் முன்கூட்டியே எழுதி வைத்தாலன்றி அது கணிப்பாகாது. 1974-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆங்கில நூல், 1982-ஆம் ஆண்டில் கோள்கள் ஒருபுறம் திரளும்போது கலிபோர்னியாவில் பெரும் நடுக்கம் நேரும் என்றது. அவ்வாண்டு வந்தது, அவ்வாறு எதுவும் நேரவில்லை. நூலாசிரியர் இருவரும் விஞ்ஞானப் பயிற்சி உடையவர்களே. பட்டம் கணிப்பைக் காக்கவில்லை.

எதிர்ப்பை வென்ற கொள்கை

'வெகெனரையும் ஒரு காலத்தில் எள்ளினர் அல்லவா?' என்று வினவலாம். ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்பிரட் வெகெனர், கண்டங்கள் நகர்கின்றன என 1912-ஆம் ஆண்டில் கூறினார். அதற்குக் காரணமாக அவர் சுட்டிய விசைகளுள் ஏற்றவற்ற விசையும் ஒன்று. அது போதாது என ஹரால்டு ஜெப்ரீஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு இன்றும் சரியானதே. ஆயினும் வெகெனர் காட்டிய சான்றுகள் அழியவில்லை. குளோசாப்டெரிஸ் என்னும் பழந்தாவரத்தின் புதைபடிவங்கள் இந்தியாவிலும், ஆப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தன. 1963-ஆம் ஆண்டில் வைன், மாத்யூஸ் ஆகியோர் கடலடிப் பாறைகளின் காந்தப் பட்டைகளை விளக்கியபோது நிலை மாறியது. இந்தியத் தட்டு அந்தமானின் மேற்கே கீழிறங்கிச் செல்கிறது என்பதே இன்று இத்தீவுகளின் நடுக்கங்களுக்குரிய விளக்கம். எள்ளலுக்கு ஆளானதால் வெகெனர் வெல்லவில்லை; பிறர் சென்று அளக்கக்கூடிய சான்றுகளை வைத்தமையால் அவர் கொள்கையின் சாரம் நிலைத்தது.

இதே அளவுகோல் பழங்குடியினரின் அறிவுக்கும் பொருந்தும். 2004-இல் லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள், நிலம் அதிர்ந்ததும் மேட்டு நிலம் நாடி உயிர் பிழைத்தனர். அவர்கள் பல்கலைக்கழகம் கண்டவர்களல்லர். ஆயினும் அவர்களுடைய அறிவு நிகழ்ச்சியோடு பொருந்தியது.

ஆகவே, நாள் குறித்து வரும் வதந்தியைக் கேட்டுக் கலங்க வேண்டுவதில்லை. பொய்யான எச்சரிக்கைகளைப் பலமுறை கேட்டவர், மெய்யான எச்சரிக்கையையும் அலட்சியம் செய்வர். அதுவே பெரும் கேடு. ஹைதராபாத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் நடுக்கத்தை முன்னறிந்து கூறுவதில்லை. நிகழ்ந்த நடுக்கத்தை அளந்து, அலை வரக்கூடுமா என்பதையே அறிவிக்கிறது. தன் எல்லையை உணர்ந்து பேசுவது நம்பத்தக்க அறிவின் இலக்கணம். தீவுகளின் அருகிலேயே பிளவு நேரின் அலை சில நிமிடங்களில் கரையை எட்டக்கூடும். நிலம் நெடுநேரம் வலுவாக அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினாலோ, எவருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டு நிலம் ஏறுதல் வேண்டும்.