காணாக்கடியும் குருதியின் சாட்சியும்

எறும்பும் ஊரவில்லை, நுளம்பும் கடிக்கவில்லை. ஆயினும் தோல் திடீரெனச் சிவந்து தடிக்கின்றது. நமைச்சல் தாங்க முடியவில்லை. சில மணி நேரத்தில் அத்தடிப்பு மறைய, வேறோரிடத்திற் புதியது தோன்றுகின்றது. கடித்தது எதுவெனக் காணமுடியாத இந்நோய்க்குத் தமிழ் வைத்தியத்திற் 'காணாக்கடி' என்று பெயர். 'அர்ட்டிக்கேரியா' என்னும் மேனாட்டுப் பெயரோ, தொட்டாற் சுணைக்கும் செடியொன்றின் இலத்தீன் பெயரினின்று பிறந்தது. நம் காஞ்சோன்றியை நினைத்துக்கொண்டால் அதன் பொருத்தம் விளங்கும்.

ஓரிரு நாளில் தணியும் தடிப்பைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. ஆறு வாரங்களுக்கு மேலாகத் தோன்றித் தோன்றி மறைவதையே நாட்பட்ட காணாக்கடி என வைத்தியர் வகுப்பர். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றுகின்றது. இந்நோய் புகுந்த வீட்டில் முதலிற் குற்றஞ் சாட்டப்படுவது உணவேயாம். இறால், நண்டு, முட்டை, கத்தரிக்காய், தக்காளி என ஒவ்வொன்றாக விலக்கி, ஈற்றில் நோயாளி வெறுஞ்சோறும் இரசமுமாக மெலிவதுண்டு. உண்மை யாதெனின், நாட்பட்ட காணாக்கடிக்கு உணவு காரணமாவது அரிது.

தோலினுள்ளே மாஸ்ட் கலங்கள் என்பன உள. 1878இல் இவற்றுக்குப் பெயரிட்டவர் போல் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர். தூண்டப்படும்போது இவை ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கக்குகின்றன. அதனால் நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிந்து நீர் கசிய, தோல் தடிக்கின்றது. பலரிடத்தில் இக்கலங்களைத் தூண்டுவன, உடல் தனக்கே எதிராக ஆக்கிய பிறபொருளெதிரிகளாம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அவ்வாறாயின், வைத்தியர் குருதியில் எதனைத் தேடுகின்றார்? அழற்சியின் அடையாளங்கள் இரண்டினை. ஒன்று ஈ. எஸ். ஆர்.; செங்குழியங்கள் ஒரு மணி நேரத்தில் குழாயிலே எத்தனை மில்லிமீற்றர் இறங்குகின்றன என்னும் அளவு அது. மற்றது சி. ஆர். பி. என்னும் புரதம். 1930இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரில்லெற், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியா நோயாளரிடத்தில் இதனைக் கண்டறிந்தனர். உடலில் எங்கேனும் அழற்சி மூண்டால், இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் அறிவிக்க, ஈரல் இப்புரதத்தை மிகுதியாக ஆக்குகின்றது.

2018இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், நாட்பட்ட காணாக்கடியுற்ற 1,253 பேரின் சி. ஆர். பி. ஆராயப்பட்டது. மூன்றிலொரு பங்கினர்க்கு அது உயர்ந்திருந்தது. உயர்ந்தோரிடத்தில் நோயும் கடுமையாக இருந்தது. ஹிஸ்டமினை எதிர்க்கும் மாத்திரைகளுக்கு அது எளிதில் அடங்கவுமில்லை.

ஆயின், சாட்சி வேறு, குற்றவாளி வேறு. தடிமன் காய்ச்சலும் பற்சீழும் உடற்பருமனும் சி. ஆர். பி.யை உயர்த்தும். குருதிச்சோகையும் கருப்பமும் முதுமையும் ஈ. எஸ். ஆரை உயர்த்தும். 'அழற்சி உண்டு' என இப்பரிசோதனைகள் உரைக்குமேயன்றி, 'இதனால் உண்டாயிற்று' என உரையா. அன்றியும், மூன்றில் இரு பங்கினர்க்கு அளவு இயல்பாகவே இருந்ததை நாம் மறத்தலாகாது. "இரத்தத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் நோயாளியைக் கடிவது பெருந்தவறு.

குருதிக்கலங்களின் எண்ணிக்கையும், சி. ஆர். பி. அல்லது ஈ. எஸ். ஆரும் முதற்கண் போதுமென்பதே சர்வதேச வைத்திய நிபுணர்களின் வழிகாட்டல். கண்ட கண்ட பரிசோதனைகளுக்கெல்லாம் பணத்தை இறைக்க வேண்டுவதில்லை. ஆயின் ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதேயிடத்தில் நின்று, நொந்து, கன்றிய வடுவை விட்டுச் சென்றாலோ, காய்ச்சலும் மூட்டுவலியும் கூடினாலோ, வைத்தியர் மேலும் ஆராய்தல் வேண்டும். நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால், கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

உறக்கத்தை மிகுதியாகத் தராத மாத்திரைகள் இன்று உள. அவற்றுக்கு அடங்காதார்க்கு ஒமலிசுமாப் என்னும் ஊசிமருந்து 2014 முதல் மேல்நாடுகளில் அனுமதிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலார்க்கு இந்நோய் காலப்போக்கில் அடங்கிவிடும். அதுவரை நோயாளிக்கு வேண்டுவன தகுந்த மருந்தும், வயிறார உணவும், அவர் சொல்லை நம்பும் சுற்றமுமேயாம்.